ஏழாம் எண் கதையின் அப்பா

சொட்டு மருந்து விட்டுக்கொண்ட பன்னிரண்டு பேர் சுவரோரம் வரிசையாகக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். டிராயரைத் திறந்து போனைப் பார்க்க இதைவிடத் தோதான நேரம் அமையாது, பன்னிரண்டு பேரில் ஒருவருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை, டாக்டரம்மா உள்ளறையில், மெர்சி அக்கா கண்ணாடி பார்க்கும் அறையில், ஆனாலும் இசக்கிப்பிரியா டிராயர் பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை. பார்த்து என்ன ஆகப்போகிறது. மணி நாலே முக்கால்தான். ஆறு மணிக்குத்தான் கதைக் குழுவில் சாலமோன் பட்டியலைப் போடுவான், ஒன்றாம் எண் கதை இன்னார் எழுதியது, இரண்டாம் எண் இன்னார் என்று ஒவ்வொன்றாக வரும், ஏழுக்கு நேராக ஜன்னல் சீட்டு என்று வரும், ஜன்னல் சீட்டு என்ற புனைபெயரில் எழுதுவது அவள்தான், அதைப் பார்த்ததும் அதே குழுவில் நத்தை என்ற பெயரில் இருக்கிற ஆள் என்ன செய்யும். நத்தை போய்விடும். போகிறேன் என்றுதானே சொல்லியிருக்கிறது. சங்கரன்கோவிலில் ஒரு கண் ஆஸ்பத்திரி வெராண்டாவில் நின்றுகொண்டு, எந்த ஊரென்றுகூடத் தெரியாத ஒரு நத்தை போய்விடுமே என்று தவித்துக்கொண்டிருப்பதை யாரிடமாவது சொன்னால் அதே வெராண்டாவில் அவளையும் உட்காரவைத்து டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். வெளியே கோயில் பக்கத்திலிருந்து நாதஸ்வரம் கேட்டது, யாருக்கோ கல்யாணம், நல்ல நாள் போலிருக்கிறது, தனக்கும் நல்ல நாளாகவே முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தாள்.

அரைப்பக்கம் என்பது அந்தக் குழுவின் பெயர். இருபத்து மூன்று பேர். மூத்தவருக்கு இருபத்தாறு வயது, அவரை எல்லோரும் பெருசு என்று கூப்பிடுவார்கள், அவரும் கோபித்துக்கொள்ளமாட்டார். போனுக்குள்தான் குழு நடக்கிறது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை, குரல் அனுப்பக்கூடாது, படம் போடக்கூடாது, எழுத்து மட்டும்தான், இதெல்லாம் நாகர்கோவில் சாலமோன் போட்ட விதிகள். பொறியியல் படிக்கிறவனுக்கு விதி போடுவதில் அப்படி ஒரு ருசி. அவன் போட்ட விதிகளிலேயே பெரிய கிறுக்குத்தனம் முகமில்லாத வாரம். மாதத்தில் ஒரு வாரம் கதை வைத்திருப்பவர்கள் அதை அவனுக்குத் தனியாக அனுப்ப வேண்டும், அவன் எழுதியவரின் பெயரை எடுத்துவிட்டு எண் மட்டும் கொடுத்துப் போடுவான், ஒவ்வொரு கதைக்கும் ஒவ்வொருவரும் தன் புனைபெயரிலேயே பத்து வரியாவது கருத்து எழுதியே ஆகவேண்டும், தன்னுடைய கதைக்கும் சேர்த்து. எழுதாமல் விட்டால் இது அவருடைய கதை என்று காட்டிக்கொடுத்துவிடும் இல்லையா, அதற்காக. இப்படித்தான் தயிர்சாதம் என்ற புனைபெயரில் இருக்கும் கரூர் பையன் முதல் மாதம் தன் கதைக்குத் தானே, படித்து முடித்ததும் எழுந்து நின்றுவிட்டேன், கண்ணீர் நிற்கவில்லை என்று எழுதிவைத்து, வெள்ளிக்கிழமை பெயர் வெளியானதும் மாட்டிக்கொண்டான். இப்போதும் யாருக்காவது ஜலதோஷம் என்றால் தயிர்சாதம் கதையைப் படித்தாயா என்று கேட்பார்கள். அன்றிலிருந்து எல்லோரும் தன் கதையைத் தானே கொஞ்சம் திட்டிவைப்பது வழக்கமாகிவிட்டது. செல்லமாக, வலிக்காமல், முடிவு இன்னும் அழுத்தமாக இருந்திருக்கலாம் என்கிற மாதிரி. அவளும் அப்படி நிறுத்தியிருக்கலாம். யார் தடுத்தது. முடிவு இன்னும் அழுத்தமாக இருந்திருக்கலாம் என்று எழுதிவிட்டு மீன் வறுக்கப் போயிருந்தால் இன்றைக்கு இந்த வெராண்டா இவ்வளவு நீளமாகத் தெரிந்திருக்காது.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் அந்த வினை நடந்தது. அவள் எழுதிய ஏழாம் எண் கதை ஒன்றும் பெரிய கதை இல்லை. வேலைக்குப் போய்விட்டு ஏழு மணி பஸ்ஸில் வந்து இறங்கும் ஒரு பெண். தினமும் பஸ் ஸ்டாப்பில் அவளுடைய அப்பா ஏதாவது ஒரு சாக்கோடு நிற்கிறார், ஒருநாள் வாழைப்பழம் வாங்க வந்தேன் என்கிறார், ஒருநாள் ஒருத்தரைப் பார்க்க வந்தேன் என்கிறார், உன்னைக் கூப்பிட வந்தேன் என்று கடைசிவரைக்கும் சொல்வதில்லை. அவ்வளவுதான். மூன்று நாள் உட்கார்ந்து எழுதினாள். எழுதும்போது அந்த மனிதரை அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. பிறகு ஞாயிற்றுக்கிழமை தன் கதைக்குத் தானே பத்து வரி எழுத உட்கார்ந்தவளுக்கு முதல் வரியிலேயே கை சூடு பிடித்துவிட்டது, எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, மளமளவென்று வந்தது. இந்த அப்பா கதைக்குள் மட்டுமே குடியிருப்பவர், வெளியே வாடகைக்குக்கூடக் கிடைக்கமாட்டார் என்று எழுதினாள். எழுதிய கையோடு தன் சாமர்த்தியத்தைப் பார்த்துத் தனக்கே உச்சி குளிர்ந்துபோயிற்று. இந்த ஒரு வரிக்குப் பதினான்கு பேர் சிரித்தார்கள். பெருசு, இந்த வாரத்தின் சிறந்த வரி கதைகளில் இல்லை, கருத்தில் இருக்கிறது என்று எழுதினார். கதை எழுத ஆரம்பித்த ஒன்றரை வருஷத்தில் அப்படி ஒரு பாராட்டு அவளுக்கு வந்ததில்லை. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு அதற்குக் கைதட்டும் வாங்கிக்கொண்டு, மத்தியானம் வரைக்கும் பல்லைக் காட்டிக்கொண்டு திரிந்தாள். வாடகைக்குக்கூடக் கிடைக்கமாட்டார். இப்போது அந்த வரி மீன் முள் மாதிரி நிற்கிறது. விழுங்கினாலும் போகவில்லை, இருமினாலும் வரவில்லை.

ஏனென்றால் திங்கட்கிழமை நத்தை பதில் எழுதியது. நத்தை ஆணா பெண்ணா, எந்த ஊர் என்று ஒருவருக்கும் தெரியாது, அதனால் நத்தை வந்தது, நத்தை சொன்னது என்று அஃறிணையிலேயே எல்லோரும் பேசிப் பழகிவிட்டார்கள். குழுவுக்கு வந்து எட்டு மாதம். இதுவரை ஒரே ஒரு கதைகூடப் போடவில்லை, கேட்டால் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லும். ஆனால் மற்றவர்கள் கதையைப் படிக்கும் பாருங்கள், அப்படி யாரும் படிக்கமாட்டார்கள். இசக்கி எழுதிய ஒரு பழைய கதையில் சண்டை போட்டுவிட்டுப் போன மருமகள் திரும்பி வருகிற இடத்தை எல்லோரும் பாராட்டிக்கொண்டிருக்க, நத்தை மட்டும், இரண்டாம் பத்தியில் சீப்பு ஈரமாக இருக்கிறது, வீட்டில்தான் யாருமே இல்லையே, யார் தலைவாரியது, அவள் முன்பே வந்துவிட்டாளா என்று கேட்டது. இசக்கிக்கு அன்று உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவள் அதை அப்படித்தான் வைத்திருந்தாள், ஒருவரும் கண்டுபிடிக்கவில்லையே என்று உள்ளுக்குள் குமைந்துகொண்டிருந்தாள். நாம் வைத்ததை வைத்த இடத்தில் ஒருவர் எடுத்துவிட்டால் வேறென்ன வேண்டும். அன்றிலிருந்து அவள் எழுதுவது, வெளியே சொல்லிக்கொள்ளாவிட்டாலும், நத்தைக்காகத்தான். அந்த நத்தைதான் திங்கட்கிழமை எழுதியது. எங்க அப்பா வாடகை இல்லை, சொந்தம். போன தை மாசம் செத்துப்போனார். ஏழாம் எண் கதையில் வர்ற மாதிரியேதான் நின்னார், நான் டைப்ரைட்டிங் கிளாஸ் போன ரெண்டு வருஷமும் நின்னார். எழுதினவர் யாரோ, அவர் எங்க அப்பாவைப் பார்த்த மாதிரி எழுதியிருக்கார். அதை ஜன்னல் சீட்டு பொய்னு சொல்றாங்க, பதினாலு பேர் சிரிக்கிறீங்க. சரி. வெள்ளிக்கிழமை பேர் வந்ததும் ஏழு எழுதினவருக்கு ஒரு நன்றி சொல்லிட்டு நான் குழுவை விட்டுப் போயிடுறேன். இவ்வளவுதான் நத்தை எழுதியது. நாலு பேர் வந்து சமாதானம் சொன்னார்கள், சாலமோன் வருத்தம் தெரிவித்தான், நத்தை எதற்கும் பதில் போடவில்லை.

"எம்மா, முழிச்சிரலாமா?" என்றார் வரிசையில் நாலாவது ஆள். நகராட்சியில் தெருக்குழாய்க்குத் தண்ணீர் திறந்துவிடுகிற சுடலைமுத்து. வந்ததிலிருந்து இது ஐந்தாவது தடவை.

"முழிக்கக் கூடாதுங்க. இன்னும் மருந்து பிடிக்கணும்."

"ஏழு மணிக்கு அஞ்சாம் வார்டுக்குத் தண்ணி விடணுமேம்மா. அஞ்சு நாளைக்கு ஒருக்கா வாற தண்ணி. லேட்டாச்சுன்னா பொம்பளையாளுக என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிருவாளுவ."

"கண்ணு கூசும்யா. இன்னைக்கு வேற யாரையாவது தொறக்கச் சொல்லுங்க."

"அந்த வால்வு எனக்குத்தாம்மா தொறக்கும்," என்றார் அவர், மூடிய கண்ணோடு, பெருமையாக. இசக்கிக்குச் சிரிப்பு வந்தது. அவர் தலையை நிமிர்த்தி, கீழிமையை விரலால் இழுத்து, ஒரு சொட்டு விட்டாள், மறு கண்ணுக்கும் விட்டாள், அவர் உஸ் என்று காலைத் தரையில் தேய்த்தார். அந்த மருந்து கண்ணில் எரிந்து தொண்டையில் கசக்கும், அவளே விட்டுப் பார்த்திருக்கிறாள், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், நோயாளிக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள. மெர்சி அக்கா திட்டினாள். அன்றைக்குப் பூராவும் பக்கத்தில் இருந்த எழுத்து எல்லாம் கலங்கிப்போய், போனில் வந்த கதை எதையும் படிக்க முடியாமல் தவித்தது ஞாபகம் வந்தது. படிக்க முடியாமல் இருப்பதுதான் எவ்வளவு பெரிய கஷ்டம். இந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. வெராண்டா பிடித்திருந்தது, பாத்திரம் கழுவின மாதிரி ஒரு மருந்து வாசம் பிடித்திருந்தது, கண்ணை மூடிக்கொண்டவர்கள் தங்களை அறியாமல் பேசுகிற பேச்சு ரொம்பவே பிடித்திருந்தது, பாதிக் கதை அதிலிருந்துதான் கிடைக்கிறது. நடுவில் போனுக்குள் இருபத்திரண்டு பேர் காத்திருக்கிறார்கள், ஒரு கதவுக்குப் பச்சை நிறம் சரியா நீலம் சரியா என்று அரைமணி நேரம் மல்லுக்கட்டுவதற்கு. இதற்குமுன் அவளுக்கு அப்படி யாருமில்லை. கல்லூரியில் கதை எழுதுகிறேன் என்றால் லவ் ஸ்டோரியா என்று கேட்டார்கள். வீட்டில் சொன்னதில்லை. குறை என்று பெரிதாக ஒன்றுமில்லாத வாழ்க்கைதான், போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

சரி, அந்த எரிச்சல் எங்கிருந்து வந்தது. அடுத்த ஆளின் இமையை இழுத்துக்கொண்டே அவள் அதைப் பிடித்துக்கொண்டாள், விட மனமில்லை. முகத்தை மறைக்கத்தான் எழுதினேன் என்று இரண்டு நாளாகத் தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாயிற்று, அது பாதிதான் உண்மை. மறைப்பதற்கு அவ்வளவு காரம் தேவையில்லை. அவளுடைய அப்பா பஸ் ஸ்டாப்புக்கு வரமாட்டார். ஒருநாளும் வந்ததில்லை. கெட்டவர் இல்லை, சத்தம் போடமாட்டார், குடிக்கமாட்டார், நூல் மில்லில் காலை ஷிப்ட் முடித்து வந்து டிவி முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்கமாட்டார், அவ்வளவுதான். அவள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் திரும்பாமலே வந்தாச்சா என்பார். வந்தாச்சு என்பாள். அதில் ஒரு குறையும் அவள் வைத்ததில்லை, மழைக்காலத்தில் பஸ் ஸ்டாப்பில் இறங்கிய மற்றப் பெண்களுக்குக் குடையோடு யாராவது நிற்பதைப் பார்த்துவிட்டு நடந்து வருகையில்கூடக் குறையாகத் தோன்றியதில்லை, தோன்றியதில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒருநாள் உட்கார்ந்து அப்படி ஓர் ஆளை உண்டாக்கினாள். உண்டாக்கி, சட்டை போட்டுவிட்டு, கையில் வாழைப்பழத்தைக் கொடுத்து நிறுத்தியதும், மூன்று நாள் சந்தோஷம், நாலாவது நாள் இவர் யாரென்று கோபம் வந்துவிட்டது. எனக்குக் கிடைக்காதவர் இருக்கவே கூடாது. ஆமாம், அதுதான். அதைத்தான் அழகாக, பதினான்கு பேர் சிரிக்கிற மாதிரி எழுதினாள். உலகத்தில் அப்படி யாரும் கிடையாது என்று தீர்ப்பு எழுதும்போது, யாரோ ஒருவருக்கு அப்படி ஒருவர் இருந்திருப்பார், இருந்து செத்தும் போயிருப்பார் என்று அவள் நினைக்கவே இல்லை. இதை நினைத்ததும் நிஜமாகவே வெட்கமாக இருந்தது, காது சூடாயிற்று. எதிரில் உட்கார்ந்திருந்தவர், மருந்து போட்டாச்சாம்மா என்றார். கையில் பாட்டிலைப் பிடித்தபடி சும்மாவே நின்றிருக்கிறாள்.

ஐந்தரை. சுடலைமுத்துவின் கண் பாப்பா விரியவே இல்லை, டார்ச் அடித்துப் பார்த்தால் கடுகு அளவுக்குத்தான் இருந்தது, இன்னொரு சுற்று விடவேண்டும். மற்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போக, இவர் மட்டும் தண்ணீர், தண்ணீர் என்று புலம்பிக்கொண்டிருந்தார். ஆறு மணிக்கு நத்தை கேட்கும், ரெண்டும் ஒரே ஆளா என்று. என்ன சொல்வது. சொல்வதற்கு ஒன்று இருக்கத்தான் செய்தது, அது செவ்வாய்க்கிழமையே தோன்றிவிட்டது, அவ்வளவு லேசாக, அவ்வளவு வசதியாக. எங்க அப்பா அப்படித்தான், அவரைப் பற்றித்தான் எழுதினேன், கூச்சமாக இருந்தது, யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று கருத்தில் மாற்றி எழுதினேன். இப்படி எழுதினால் முடிந்தது. நத்தைக்கு மனசு ஆறிவிடும், உங்க அப்பாவுமா என்று கேட்கும், இரண்டு அப்பாக்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொள்வார்கள், நத்தை தங்கிவிடும். கதை எழுதுகிறவளுக்கு ஒரு பொய் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும். அந்த அப்பாவுக்கு இன்னும் நாலு சாக்குகள்கூடத் தயாராக இருந்தன, மருந்துக்கடை, சைக்கிளுக்குக் காற்று, தேர்தல் நோட்டீஸ் படிப்பது. ஆனால் ஒவ்வொரு தடவை மனசுக்குள் அந்தப் பதிலை எழுதி முடிக்கும்போதும் ஈரச் சீப்பு வந்து குறுக்கே நின்றது. சீப்பு ஈரமாக இருப்பதைக் கண்டுபிடித்த ஆளிடம் எப்படிப் பொய் சொல்வது. கண்டுபிடித்துவிடும் என்ற பயம் மட்டும் இல்லை. கண்டுபிடிக்காமல் போய்விட்டால் அதைவிட மோசம், அப்புறம் நத்தை படிக்கிறது என்பதற்காக ஒரு வரிகூட எழுத முடியாது. நத்தை இருந்தும் இல்லாத மாதிரி ஆகிவிடும். உண்மையைச் சொன்னால் போய்விடும், பொய் சொன்னால் இருந்தும் பிரயோஜனமில்லை. நாதஸ்வரம் நின்று, மைக் டெஸ்டிங் ஒன் டூ த்ரீ என்று யாரோ கத்தினார்கள். அவளுக்குத் தண்ணீர் தாகமாக இருந்தது, போய்க் குடித்துவிட்டு வந்தாள், திரும்பவும் தாகமாக இருந்தது.

ஆறு அடிக்க ஒரு நிமிஷம் இருக்கும்போது டிராயருக்குள் போன் அதிர்ந்தது. சாலமோனுடைய கடிகாரம் எப்போதுமே ஒரு நிமிஷம் முந்தியது. திறந்தாள். ஒன்று, கடைசி பெஞ்ச். இரண்டு, பெருசு. மூன்று, தயிர்சாதம். நாலு ஐந்து ஆறெல்லாம் கண்ணில் பட்டதே ஒழிய மண்டையில் ஏறவில்லை. ஏழு, ஜன்னல் சீட்டு. அதற்குக் கீழே அடை மழை மாதிரிச் செய்திகள். பெருசு, அடிப்பாவி என்று எழுதினார். தயிர்சாதம், தன் கதைக்குத் தானே அழுதவன் நான், தன் கதையைத் தானே கொன்றவர் நீங்கள், இனி என்னை யாரும் கேலி செய்யக் கூடாது என்று குதித்தான். நாலைந்து பேர் சிரித்தார்கள், பிறகு நத்தை ஞாபகம் வந்து சிரிப்பை அழித்தார்கள். நத்தை எழுதிக்கொண்டிருக்கிறது என்று திரையின் மேல் விளிம்பில் காட்டியது. நின்றது. திரும்பவும் எழுதிக்கொண்டிருக்கிறது. அந்தச் சின்ன எழுத்துகளைப் பார்த்துக்கொண்டு அவள் மூச்சை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் நின்றாள். வந்தது. ஏழு எழுதினதும் நீங்க. அப்படி ஒருத்தர் கிடையாதுன்னு எழுதினதும் நீங்க. எது பொய்.

"எம்மா, கடேசிச் சொட்டா இது?" என்று சுடலைமுத்து கேட்டார்.

"கடைசிதான்யா. நிமிருங்க."

இரண்டு கண்ணிலும் விட்டு, பஞ்சால் ஒற்றி, பத்து நிமிஷம் அசையக் கூடாது என்று சொல்லிவிட்டு, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து நின்றபடியே எழுதினாள். ரெண்டும் பொய் இல்லை. எனக்கு அப்படி ஒரு அப்பாவைத் தெரியாது. எங்க அப்பா பஸ் ஸ்டாப்புக்கு வரமாட்டார். அப்படி ஒருத்தர் இருந்தா நல்லாயிருக்கும்னு எழுதினேன். எழுதி முடிச்சதும் பொறாமையா இருந்தது, அந்தப் பொறாமையில்தான் அந்த வாடகை வரியை எழுதினேன். நிஜமா ஒருத்தர் இருந்தார்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா எழுதியிருக்கமாட்டேன்னு சொல்ல ஆசை, ஆனா சிரிப்பு வாங்குற வரி கிடைச்சா நான் எழுதியிருந்தாலும் எழுதியிருப்பேன். மன்னிச்சிருங்க. போகாதீங்க. கடைசி வார்த்தையை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து, கேட்காமல் விட்டால் அதுவும் ஒரு பொய்தான் என்று தோன்ற, அப்படியே அனுப்பிவிட்டாள். அனுப்பியதும் முதுகில் சுமந்துகொண்டிருந்த எதையோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது, ஸ்டூலில் உட்கார்ந்தாள். இருபத்திரண்டு பேரும் இருபத்திரண்டு இடத்தில் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அவளால் பார்க்க முடிந்தது, பெருசு ஆபீஸ் பஸ்ஸில், சாலமோன் விடுதி மொட்டைமாடியில், முகம் தெரியாத நத்தை எங்கோ ஒரு கட்டிலோரத்தில். நத்தையின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். இருந்தது. மறுபடி பார்த்தாள். இருந்தது. இப்படிப் பார்த்துக்கொண்டே இருந்தால் பார்க்கிறபோதே காணாமல் போய்விடும் என்று ஒரு பயம் வந்து, போனைக் கவிழ்த்து வைத்தாள். சுவரில் ஈ, எஃப், பி என்று சிறிதாகிக்கொண்டே போகும் எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரைக்கும் படித்தாள். நூறு தடவை படித்த பலகைதான். உள்ளே இருந்து மெர்சி அக்கா, "ஏட்டி பிரியா, சுடலைமுத்துவ அனுப்பு" என்று குரல் கொடுத்தாள். அவள் அவர் கையைப் பிடித்து அறை வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டுபோய் விட்டாள், அவர் போகிற போக்கில், நீ நல்லாயிருப்பம்மா, அஞ்சாம் வார்டுல உனக்குச் சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களா, இன்னைக்குக் கூடக் கால்மணி நேரம் விடுதேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பி வந்து போனைப் புரட்டினாள். நத்தை எழுதியிருந்தது, நீளமாக. அவள் முதலில் அதைப் படிக்காமல் கடைசி வரியில் போகிறேன் என்று இருக்கிறதா என்று பார்த்தாள், இல்லை, பிறகுதான் மேலே போய் முதலிலிருந்து படித்தாள். அப்பவே நினைச்சேன், ஏதோ ஒரு இடம் இடிக்குதேன்னு. இப்பதான் புரியுது, நீங்க பார்த்ததில்லை, அதான். கதையில பொண்ணு பஸ்ஸை விட்டு இறங்கினதும் அப்பா விறுவிறுன்னு முன்னால நடக்கிறார், பொண்ணு பின்னால போறா. அப்படி நடக்காது. எங்க அப்பா ஒருநாளும் முன்னால போனதில்லை. நான் முன்னால போவேன், அவர் பத்தடி பின்னால வருவார். முன்னால போனா நான் வர்றேனா இல்லையான்னு அவருக்கு எப்படித் தெரியும்? அவர் செருப்புச் சத்தத்தை வச்சுத்தான் நான் நடப்பேன், அது மெதுவானா நானும் மெதுவா நடப்பேன். ரெண்டு வருஷமும் அவர் முகத்தை நான் பார்த்தது கம்மி. அந்தப் பத்தியை மாத்தி எழுதுங்க. மாத்திட்டு திரும்பப் போடுங்க, சரியா வந்திருக்கான்னு நான் பார்க்கணும்.

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். மூன்றாவது தடவை படிக்கும்போது எழுத்து கலங்கியது, ஒரு சொட்டுகூட விட்டுக்கொள்ளாமலே. முன்னால் நடக்கவைத்துவிட்டோமே, முன்னால், எப்படித் தோன்றாமல் போயிற்று, எவ்வளவு பெரிய தப்பு, எவ்வளவு அழகான தப்பு என்று நினைக்க நினைக்க வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி வந்தது, வாயைப் பொத்தினாலும் நிற்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு மெர்சி அக்கா எட்டிப் பார்த்தாள்.

"என்னட்டி தன்னால சிரிக்கே?"

"ஒரு தப்பு பண்ணியிருந்தேன்க்கா. கண்டுபிடிச்சிட்டாங்க."

"அதுக்கா இந்தச் சிரிப்பு?"

"ஆமாக்கா," என்றாள் இசக்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அதுக்குத்தான்."